சும்மாடு இல்லாமல்

நான் மலையேறி ஆறு வருஷமாகியிருந்தது. ஒரு மழை ராத்திரி, கூட்டம் முடிந்து திரும்பும்போது வண்டி சறுக்கி முட்டியில் ஜவ்வு கிழிந்துபோனது. அதற்கு முன்னால் வருஷத்துக்கு ரெண்டு மலையாவது ஏறிவிடுவேன். அதற்கப்புறம் மாடிப்படியைப் பார்த்தாலே கை தானாகக் கைப்பிடியைத் தேடும். வலி போன பிறகும் பயம் போகவில்லை.

மலையேறுவதை அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. 'கூட்டம்' என்று சொல்லிவிட்டுப் போவேன். எங்கள் ஊர் ஜவ்வாது மலை அடிவாரம். மலைக்குப் போவதென்றால் எங்களுக்கு விறகுக்குப் போவது. விடியுமுன்னே போய், தலையில் சும்மாடு வைத்து, கட்டைச் சுமந்து மத்தியானம் இறங்குவாள். அந்தக் காசில்தான் எனக்கு நோட்டும் பேனாவும். அவளிடம் போய், சும்மா பார்க்க மலையேறுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

போன தை மாசம் ஒருநாள் விடியற்காலை, கலசபாக்கம் வட்டம் தென்மாதிமங்கலத்தில் பச்சையம்மன் கோயிலைத் தாண்டிப் பர்வதமலையில் கால் வைத்தேன். உயரம் 4,560 அடி என்கிறார்கள். படிகள் தீர்வதற்குள்ளேயே சட்டை நனைந்துவிட்டது. பிறகு கல்லும் வேருமான பாதை. நாலு இடத்தில் உட்கார்ந்தேன்.

மேலே கடப்பாறைப் பாதை. பாறையில் இரும்புக் கம்பிகளை அடித்து இறக்கி, சங்கிலி கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் பள்ளம். ஒரு காலைத் தூக்கி வைத்தேன். அடுத்த கால் வரவில்லை. இறங்கி நின்றுவிட்டேன்.

தண்ணீர் பாட்டில் கட்டை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார் ஒருவர். மேலே கடைக்குச் சுமந்து போகிறவர். தோளில் சும்மாட்டுத் துணி.

"மொத வாட்டியா தம்பி?"

"இல்லண்ணா. முட்டில அடிபட்டுச்சு. பயமா இருக்கு."

"பயம் இருந்தா இருக்கட்டும். மூணு எடத்துல கெட்டியா ஊணிக்கினு நாலாவதத் தூக்கு. கீழ பாக்காத. அடுத்த கம்பிய மட்டும் பாரு."

"எத்தன வருஷமாண்ணா சொமக்குறீங்க?"

"அது ஆவுது இருவது வருஷம்."

அவர் சொன்னபடியே ஏறினேன். ஒரு கம்பி, அடுத்த கம்பி. கால் நடுங்கியது. ஆனால் முட்டி தாங்கியது.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே ஏரிகளும் வயல்களும் துண்டு துண்டாகக் கிடந்தன. அங்கே உட்கார்ந்து எம்.ஏ.யில் படித்த மலைபடுகடாத்தை நினைத்துக்கொண்டேன். அதில் வரும் நவிரமலை இதுதான் என்பார்கள். நன்னனிடம் பரிசு வாங்கி வருகிற கூத்தன், பசியோடு எதிரே வருகிற கூத்தனுக்கு வழி சொல்கிறான். வழுக்குகிற இடம் எது, பன்றிக்குப் பொறி வைத்த இடம் எது, தினைப்புனக் காவல்காரர்களின் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது - எல்லாம் சொல்கிறான். 583 அடி. பரீட்சைக்கு உருப்போட்டு மார்க் வாங்கினேன். நடந்து பார்த்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொன்ன பேச்சு அது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்குச் சொன்னவரும் அந்தக் கூத்தனின் ஆள்தான்.

இறங்கும்போது தடி ஊன்றி மெதுவாக வந்தேன். முட்டி கொஞ்சம் வீங்கியிருந்தது. மனசு லேசாக இருந்தது.

ராத்திரி அம்மா கேட்டாள்: "எங்கடா போன, இப்பிடி நொண்டிக்கினு வர்ற?"

இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. "பர்வதமலைக்கும்மா."

"என்னாத்துக்கு? என்னா கொண்டாந்த?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா ஏறிட்டு வந்தேன்."

கோபிப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வெறுந்தலையோட ஏறுனா எப்பிடிடா இருக்கும்? ஒரு வாட்டி என்னையும் இட்டுக்கினு போ."

அவளுக்கும் இப்போது முட்டி வலி. பச்சையம்மன் கோயிலுக்கு மேலே பத்துப் படியாவது ஏற்றிவிடலாம் என்று இருக்கிறேன். மூணு எடத்துல கெட்டியா ஊணிக்கினு நாலாவதத் தூக்கும்மா என்று நான் சொல்ல வேண்டும்.