பாதிக் காசியும் லயத்து வீடும்

பாலக்காட்டில் கல்பாத்தி அக்ரஹாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்தில் ‘காசியில் பாதி கல்பாத்தி’ வந்துவிடும். சொல்கிறவர் காசியைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. விசுவநாதர் கோயில் கதையே போதும். 1425-இல் லட்சுமி அம்மாள் என்ற கைம்பெண் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்தாராம். பாலக்காட்டு ராஜா இட்டிக்கோம்பி அச்சனிடம் 1,320 பொற்காசு கொடுத்துக் கோயில் கட்டச் சொன்னாராம். தெருவிலிருந்து படியிறங்கித்தான் சன்னதிக்குப் போக வேண்டும். அங்கிருந்து படிகள் ஆற்றுக்கும் இறங்குகின்றன. முழுக் காசி என்று பீற்றிக்கொள்ளாமல் பாதியோடு நிறுத்திக்கொண்ட அடக்கம் ரசிக்கத்தக்கது.

வாழ்க்கை ஒரு யாத்திரை என்று பொன்மொழி சேர்க்கிறவர்களின் நோட்டில் இந்த மாதிரிப் பேச்சு ஏறுவதில்லை. காலண்டர் தாளின் அடியில் அச்சாகிற வாசகம், வாட்ஸ்அப்பில் பூங்கொத்தோடு வருகிற காலை வணக்கம், இவைதான் பக்கங்களை நிரப்புகின்றன. எல்லாம் நல்ல பிள்ளைகள். ஒன்றோடொன்று சண்டை போடாது. ஜனங்கள் வாயில் புழங்குகிறவை அப்படியல்ல. காசிக்கு மூட்டை கட்டுகிற அதே ஊர்தான் ‘காசிக்குப் போனாலும் கர்மம் தொலையாது’ என்றும் சொல்லும். ராமேசுவரம் போனாலும் சனீசுவரன் விடமாட்டான் என்பது அதற்குத் தம்பி.

இந்தச் சண்டை பாலக்காட்டு மண்ணுக்குப் புதிதுமல்ல. கொல்லங்கோட்டில் 1852-இல் பிறந்த பிரம்மானந்த சிவயோகி ஆலத்தூரில் சித்தாசிரமம் அமைத்து, விக்கிரக வழிபாடே வேண்டாம் என்று எழுதினார், பேசினார். மன அமைதிதான் சொர்க்கம், அதைத் தேடி எங்கும் போக வேண்டாம் என்பது அவர் கட்சி. ஒரே ஜில்லாவில் ஒரு பக்கம் பாதிக் காசி, இன்னொரு பக்கம் காசியே வேண்டாம் என்கிற சாமியார். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்கிற நோட்டுதான் படிக்கத் தகுந்தது.

பழமொழி சேர்ப்பதில் நமக்கு முன்னோடிகள் உண்டு. பெர்சிவல் பாதிரியாரின் 1874-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. டென்மார்க்கிலிருந்து வந்த ஜென்சன் 1897-இல் 3,644 பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து வெளியிட்டார். அசுர உழைப்புதான். ஆனால் யார், எந்த ஊரில், எந்தச் சமயத்தில் சொன்னது என்பது அந்த மாதிரித் தொகுப்புகளில் நிற்பதில்லை. அது இல்லாமல் போனால் என்ன குறையும் என்பது இடுக்கி மலையில் ஏறினால் தெரியும்.

‘வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது’ என்பது தமிழ்நாட்டில் எந்தத் திண்ணையிலும் கேட்கிற பேச்சு. வயதாகிவிட்டது, சுடுகாட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது என்ற அர்த்தத்தில் பாதி வேடிக்கையாகச் சொல்வது. மூணாறு தேயிலைத் தோட்டத்தில் அதைச் சொன்னால் வேடிக்கை குறைந்துவிடும். மூணாறு இருக்கிற கண்ணன் தேவன் மலையை 1877-இல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து மன்றோ துரை குத்தகைக்கு எடுத்த பிறகு, கங்காணிமார் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ஆள் கூட்டி வந்தார்கள். அவர்கள் பரம்பரை இன்னும் லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கிறது. லயம் தோட்டக் கம்பெனியுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது நாற்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மாவைப் பார்த்து வீடு நிஜமாகவே ‘போ’ என்கிறது.

எங்கே போவது? தாத்தா விட்டுவந்த ஊரில் நிலமும் இருக்காது, முகம் தெரிந்த ஆளும் இருக்காது. மலையாளத்தில் இதற்கென்றே செய்துவைத்தாற்போல் ஒரு பேச்சு உண்டு: இல்லத்தை விட்டு இறங்கியும் ஆயிற்று, அம்மாத்துக்குப் போய்ச் சேரவும் இல்லை. இல்லம் நம்பூதிரி வீடு, அம்மாத்து தாயார் பிறந்த வீடு. நம்பூதிரிக் குடும்பத்தில் பிறந்த சொல், தோட்டத் தொழிலாளியின் கதையைச் சொல்லிவிடுகிறது.

மகனோ மருமகளோ தோட்டத்தில் பெயர் கொடுத்தால் அந்த வீடு கைவிட்டுப் போகாது. வெளியே படித்து வேறு வேலை தேடலாம் என்றிருந்த பிள்ளை இதற்காகவே கொழுந்துக் கூடையைத் தூக்குவதும் நடக்கிறது. இந்த லயத்தில் கேட்ட ‘வீடு போ போ’வை நோட்டில் எழுதுகிறவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பொருள்வாரியாகப் பிரித்தால் இதை முதுமையில் வைப்பதா, தொழிலாளர் குடியிருப்பில் வைப்பதா?