அக்காவுக்கு, மலாவியிலிருந்து

டெட்ஸா மாவட்டம், மலாவி
பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

 

போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. ஒருவிதத்தில் நல்லதுதான். "இவ்வளவு தூரம் போய்ச் செய்கிறதை இங்கேயே செய்யக் கூடாதா? அங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறாயா?" என்று கேட்டாய். இரண்டுமே நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். இந்த மாதம் சந்தோஷமாக இல்லை, அக்கா. இது பசிக்காலம். இந்தப் பக்கத்தில் மழை ஒன்று, விளைச்சல் ஒன்று. நவம்பர் வாக்கில் மழை விழுந்ததும் மக்காச்சோளம் விதைப்பார்கள், ஏப்ரலில்தான் அறுவடை. போன வருஷத்துச் சோளம் பல வீடுகளில் பொங்கலுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. வயலைப் பார்த்தால் ஆளுயரத்துக்குப் பச்சை. குதிரில் கை விட்டால் தரை தட்டுகிறது. இவர்களுக்குச் சாப்பாடு என்றால் ன்சிமா, சோள மாவில் கிண்டுகிற களி. இரண்டு வேளைக் களி இப்போது ஒரு வேளை ஆகிவிட்டது. சில வீடுகளில் அதிலும் பாதி தவிடு. பக்கத்து வீட்டுச் சின்னவள் வெறும் வயிற்றோடுதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

என் வீட்டில் லிலோங்வேயில் வாங்கிய அரிசியும் பருப்பும் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட மனம் வரவில்லை. திறந்து வைத்து ஊருக்கே போடவும் முடியாது. பக்கத்து வீட்டோடு பகிர்ந்து சாப்பிடுகிறேன். அதற்கு அடுத்த வீட்டுக் குழந்தை நின்று பார்க்கிறது. இந்த மாதிரி இரவுகளில் எனக்கும் உன் கேள்வியேதான் வருகிறது.

வந்த புதிதில் வேறு மாதிரிக் கஷ்டம். இங்கே டவுன்களில் குஜராத்தி வம்சாவளிக் குடும்பங்கள் நிறையக் கடை வைத்திருக்கிறார்கள். அதனால் இந்திய முகத்தைப் பார்த்ததும் கடை திறக்க வந்திருக்கிறேன் என்றே ஊர் நினைத்தது. மொழி தெரியாது. வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்து முடிக்காமல் வேலைப் பேச்சை எடுப்பது இங்கே மரியாதை இல்லை. மலேரியாவில் படுத்தபோது, இரவெல்லாம் கூட இருந்து கஞ்சி ஊட்டியது பக்கத்து வீட்டு அம்மாதான். அதற்குப் பிறகுதான் ஊர் என்னைத் தன் ஆளாகப் பார்த்தது.

என் வேலையைப் பற்றி உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. இங்கே நல்ல தண்ணீர் என்றால் ஆஃப்ரிடெவ் என்ற அடிபம்புதான். 1980-களில் இந்த நாட்டிலும் கென்யாவிலும் வைத்து உருவாக்கியது. நம் தெருமுனையில் குடத்தோடு வரிசையில் நின்றோமே, அது இந்தியா மார்க் 2. அது கெட்டால் ஒன்றியத்திலிருந்து வண்டியும் ஆளும் வரும்வரை காத்துக் கிடந்தோம். ஆஃப்ரிடெவ் அப்படி இல்லை. ஊர்க்காரர்களே பிரித்து மாட்ட வேண்டும் என்பதற்காகவே செய்தது. ஒரு ஸ்பானர் போதும். உள்ளே இறங்கும் கம்பிகள் கொக்கி போட்டு இணைபவை, கையாலேயே கழற்றலாம். அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. அது தேய்ந்தால் தண்ணீர் ஏறாது. அதை மாற்றத் தெரிந்த கைகளை ஊரில் உண்டாக்குவதுதான் என் வேலை.

போன வாரம் எங்கள் பம்பு நின்றது. பெண்கள் பள்ளத்து ஊற்றுக்குக் குடம் தூக்கினார்கள். 2022-இல் தொடங்கி அடுத்த வருஷமும் நீடித்த காலராவில் இந்த நாட்டில் 1,700 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ஊற்றுத் தண்ணீரைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தண்ணீர்க் குழுவின் பெட்டியில் காசு இல்லை. அறுவடைக்குப் பின் வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். பசிக்காலத்தில் யார் கொடுப்பது? வாஷருக்கான பணத்தை நானே எடுத்து நீட்டினேன். குழுவின் பொருளாளர், முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த சின்னப் பெண், வாங்கவில்லை. "இப்போது நீ கொடுத்தால் அடுத்த தடவையும் எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள். நீ போன பிறகு யாரைப் பார்ப்பது?" என்றாள்.

நம் மகளிர் குழு மாதிரி இங்கேயும் பெண்கள் சேர்ந்து சேமிக்கிறார்கள். அதிலிருந்து கடன் எடுத்தார்கள். சைக்கிளில் ஒருத்தர் சந்தைக்குப் போய் வாஷர் வாங்கி வந்தார். மூடியைத் திறந்து, கம்பிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, மண் படாமல் துணிமேல் வரிசையாக வைத்தார்கள். பழைய வாஷரின் விளிம்பு ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. பொருளாளர் அதை எல்லோருக்கும் காட்டிவிட்டுப் புதியதை விரலால் அழுத்திப் பொருத்தினாள். கைப்பிடியை அடிக்க அடிக்க முதலில் காற்று, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். உடனே குலவை. நம் ஊர்க் குலவையேதான், அக்கா. அன்று நான் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. இங்கே வந்து நான் பட்ட பெரிய சந்தோஷம் அதுதான்.

பெண்களுக்கே முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. இங்கே வாழும் செவா மக்களிடம் நிலம் தாய்வழியில் மகளுக்குப் போகிறது. பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்கு வருகிறார். ஆண்கள் பிழைப்புக்குத் தென்னாப்பிரிக்கா வரை போகிறார்கள். பெண்ணிடம் போய்ச் சேர்ந்த தொழில் ஊரிலேயே நிற்கும்.

இனி உன் முதல் கேள்வி. அங்கேயும் செய்யலாம், வந்து செய்யத்தான் போகிறேன். எங்கே செய்கிறோம் என்பதைவிட, நாம் கிளம்பிய பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. வெளியிலிருந்து இரண்டு வாரத்துக்கு வந்து, பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது. இந்த ஊரிலேயே பெயின்டர் இருக்கிறார், அதுவும் பசியோடு. அந்த வேலையும் கூலியும் அவருக்குப் போயிருக்க வேண்டும்.

என்னை வேலைக்கு வைத்தவர்கள் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் இடத்துக்கு இன்னொரு வெளிநாட்டு ஆளை வரவழைக்க வேண்டாம். அந்தப் பொருளாளரையே பக்கத்து ஊர்களுக்குப் பயிற்சி கொடுக்க அனுப்புங்கள், அவளுக்குச் சம்பளம் கொடுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். அதற்குச் சரி என்று சொல்லும்வரை விடமாட்டேன்.

அறுவடை முடிந்ததும் புறப்படுகிறேன். அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
உன் தங்கை