துருவின் மேல் பூசிய சிவப்பு

குண்டசாலையில் அக்காவின் வீட்டுக்குப் பின்னால், பலா மரத்தின் கீழ், ஒரு மஸி பேர்குசன் 35 உழவு இயந்திரம் நீண்ட காலமாக நின்றது. அத்தான் 1974இல் பழையதாக வாங்கியது. கொவென்றியில் உருவாகிக் கப்பலேறி வந்த வண்டி, மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் என்ஜின். 2003இல் அத்தான் காலமான பின்னர் அதன் சாவியைத் திருப்பியவர் எவருமில்லை.

சில வருடங்களுக்கு முன் மருமகன் ரொறன்ரோவிலிருந்து பேசினான். "மாமா, அம்மாவின்ர எண்பதாவது பிறந்த நாளுக்கு வாறன். அப்பாவின்ர மெசினுக்கு ஒரு பெயின்ற் அடிச்சு வையுங்கோ." நாற்பது வருடங்கள் பத்திரிகை அலுவலகத்தில், பக்கத்தை நேரத்துக்கு முடித்து அச்சுக்கு அனுப்பிப் பழகியவன் நான். பத்து நாட்களில் வேலையை முடித்துவிட்டேன். கம்பித் தூரிகையால் மேலோட்டமாக ஒரு தேய்ப்பு, மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அதன்மேல் பளபளக்கும் சிவப்பு. விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமைதான்.

அடுத்த ஜூன் மழைக்குள் மட்காட் முழுவதும் அம்மைக் கொப்புளம் போலப் பொங்கிவிட்டது. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே செம்மண் தூள்.

கட்டுகஸ்தோட்டையில் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் ஒரு பாஸ் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. "சேர், நீங்க இரும்புக்குப் பெயின்ற் அடிக்கல்ல, துருவுக்கு அடிச்சிருக்கீங்க" என்றார். எனது எழுத்துக்கு இவ்வளவு சுருக்கமான விமர்சனம் ஒருபோதும் கிடைத்ததில்லை.

துரு என்பது இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் பொருள். அது பிறந்த இரும்பை விட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை கூடுதல் இடம் பிடிக்கும். ஆகவே மேலே எவ்வளவு விலை உயர்ந்த வர்ணத்தைப் பூசினாலும் கீழிருந்து தூக்கி எறிந்துவிடும். அதற்குமேல் எனது மண்ணெண்ணெய் வேறு. அழுக்கைக் கரைக்கும், ஆனால் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அத்தானோ மழைக்காலந்தோறும் அடிப்பாகத்தில் என்ஜினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைப் பூசி வந்தவர். அந்த எண்ணெய்தான் இரும்பை இத்தனை காலம் காப்பாற்றியது. அதே எண்ணெய்தான் இப்போது எந்தப் பூச்சையும் ஒட்டவிடாமல் செய்தது.

பாஸ் முதலில் சவர்க்கார நீரால் கழுவினார். பின்னர் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால், துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைத்தார். சோதனை எளியது: தகட்டின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். சேம்பிலையில் போல் நீர் முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது. ஒரே படலமாகப் பரவினால் இரும்பு தயார். அதன் பிறகுதான் தேய்ப்பு. பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலரத் தேய்க்காமல் அரத்தாளை நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும் என்றார். எட்டாத குழிகளில் தங்கிய துருவுக்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த திரவம். சிவப்புத் துரு சற்று நேரத்தில் கரிய பொஸ்பேற்றாக மாறுவதைக் கண்ணால் காணலாம். தில்லியின் இரும்புத் தூண் சுமார் 1600 வருடங்கள் நிற்பதற்கும், அதன் இரும்பில் மிகுந்திருக்கும் பொஸ்பரசு மேற்பரப்பில் உண்டாக்கிய பொஸ்பேற்றுப் படலமே முக்கிய காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தில்லியின் காற்று கண்டியை விட உலர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கே மகாவலிப் பக்கத்திலிருந்து மூடுபனி எழுந்தால் காலையில் இரும்பே வியர்க்கும். அதனால் பத்து மணிக்கு முன்னும் நான்கு மணிக்குப் பின்னும் பாஸ் பூச்சுக் குவளையைத் திறக்க மாட்டார். தேய்த்த பகுதிக்கு அன்றைக்கே பிறைமர். ஓர் இரவு வெறுமையாக விட்டால் மறுநாள் தேயிலைச் சாயம் தெளித்ததுபோல் புதுத்துரு படிந்திருக்கும்.

பிறைமர் விடயத்தில் எனக்கு ஒரு வியப்பு. ரெட் ஒக்சைட் என்று நாம் வாங்கும் பூச்சின் நிறமி, இரும்பின் ஒட்சைட்டேதான். துருவின் உறவுக்காரன் துருவுக்குக் காவல் நிற்கிறான். பாஸ் இரும்பின்மேல் சிங்க் பொஸ்பேற்று பிறைமரையே இரண்டு முறை அடித்தார். பிறைமருக்கு நுண்துளைகள் உண்டு. அது மட்டும் போதும் என்று மழையில் விட்டால் நீர் உள்ளே இறங்கும். நாட்கணக்கு வைத்து மேற்பூச்சு அடித்தாக வேண்டும். ஆணிகளின் புரி, நெம்புகோல்களின் உருளை முனைகள், ரேடியேற்றர் இவற்றில் வர்ணம் படக்கூடாது. அவற்றுக்குக் கிரீஸும் காகிதமும்.

இடது மட்காட்டை நான்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனது சிவப்பு போனது. அத்தானின் சிவப்பு போனது. அதன் கீழே வெள்ளை எழுத்துகள் மெல்ல எழுந்தன. சிங்கள எழுத்துகள். கையை எடுத்துவிட்டேன்.

1983 ஜூலைக் கலவரம் கண்டிக்கும் வந்தது. அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு வவுனியாவுக்குப் போனார்கள். உழவு இயந்திரத்தை அயல்வீட்டு முதியவர் தனது முற்றத்துக்கு இழுத்துச் சென்று, மட்காட்டில் தன் பெயரை எழுதி வைத்தார். நாங்கள் அவரை லொக்கு மாத்தயா என்றே அழைத்தோம். தீ வைக்க வந்தவர்கள் அந்தப் பெயரை வாசித்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். 1985இல் அத்தான் திரும்பி வந்து வண்டியை வாங்கிக்கொண்டு மீண்டும் சிவப்பு அடித்தார். பெயர் கழுவப்பட்டுவிட்டது என்றே நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம்.

பாஸ் அந்தப் பெயரை வாய்விட்டு வாசித்தார். பிறகு, எழுத்தின் ஓரத்தில் துரு இறங்கியிருக்கிறது, முழுவதையும் இரும்புவரை தேய்க்காவிட்டால் இவ்வளவு வேலையும் வீண் என்றார். தொழில்முறையில் அவர் சொன்னது சரி. நான் அக்காவை அழைத்து வந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து, விரலால் முதல் எழுத்தைத் தொட்டார்.

"இதைத் தேய்க்கப் போறியளோ?"

"தேய்க்காட்டில் துரு பரவுமாம், அக்கா."

"பரவட்டும். இதை விடு."

எழுத்துகளைச் சுற்றி இரு கை அகலப் பகுதியை விட்டுவிட்டு மற்றதெல்லாம் முறைப்படி செய்தோம். அந்தப் பகுதிக்கு நிறமற்ற லக்கர் மட்டும். பாஸ் அதற்குக் கூலி வாங்கவில்லை. உத்தரவாதமும் தர மாட்டேன் என்றார்.

ஞாயிறுதோறும் போய் உலர்ந்த துணியால் ஓரங்களைத் துடைத்துப் பார்க்கிறேன். மற்றப் பகுதிகளில் ஒரு கொப்புளமும் இல்லை. கடைசி எழுத்தின் கீழ் மட்டும் கடுகளவில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிகிறது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.