ஹோம், ஒர்க், ஸ்கிராட்ச்

பேத்தி பிரான்சில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். கடல் நீரோட்டம் பற்றிய கணக்கு. லேப்டாப்பில் போட்டு முடிகிற கணக்கல்ல. பாரீசுக்குத் தெற்கே ஓர்சேயில் 'ழான் சே' என்ற பெரிய கணினி இருக்கிறது. நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாகப் பிணைத்தது. நாடு முழுக்க உள்ள ஆராய்ச்சியாளர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். (ழான் சே 1936 முதல் 1939 வரை அங்கே கல்வி அமைச்சர். 1944-ல் நாஜி ஆதரவுப் படையினர் அவரைக் கொன்றார்கள்.)

போன மாதம் வீடியோவில் வந்தவள் முகம் சரியில்லை. "தாத்தா, எட்டு மாத வேலை ஸ்கிராட்சில் கிடக்கு. நாலு நாள்ல அழிஞ்சிடும்" என்றாள்.

யார் அழிப்பது? ஏன்? விடாமல் கேட்டேன். கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் வேறு என்ன செய்வான்!

அங்கே ஒவ்வொருவருக்கும் பல அறைகள். 'ஹோம்' சொந்த அறை. 3 ஜிகாபைட்தான், ஆனால் நகல் எடுத்து வைப்பார்கள். எடையோடு எண்ணிக்கையும் பார்க்கிறார்கள்: ஒன்றரை லட்சம் கோப்புக்கு மேல் கூடாது. 'ஒர்க்' குழுவுக்குப் பொது, 5 டெராபைட். 'ஸ்கிராட்ச்' மிகப் பெரியது, வேகமானது. ஆனால் 30 நாள் யாரும் தொடாத கோப்பு தானாகவே அழிந்துவிடும். நகலும் கிடையாது.

ஸ்கிராட்ச் என்றால் என்னவென்று அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது 'ப்ரூயோன்'. கிறுக்கிப் பார்க்கும் நோட்டு. வாத்தியார் திருத்துவது நல்ல நோட்டைத்தான். அலுவலகத்திலும் 'சி' வகைக் கோப்புக்குக் கெடு முடிந்தால் அழிவுதான். ஆனால் அழிக்கும் முன் ஒருவர் எடுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இங்கே அந்த ஒருவர் இல்லை.

அழிக்காவிட்டால் என்ன என்று கேட்டேன். "எல்லாரும் என்னை மாதிரியே போட்டு வைச்சா மெஷின் நின்னுடும் தாத்தா." நியாயம்தான்.

காவல் அறையிலும் விபத்து நடக்கிறது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், நகல் எடுக்கும் நிரலை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினார்கள். பழைய பதிவுகளை மட்டும் துடைக்க வேண்டிய பகுதி, ஆராய்ச்சிக் கோப்புகளைத் துடைத்துவிட்டது. 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். 14 குழுக்களில் நான்குக்கு எதையும் மீட்க முடியவில்லை. இதை நான் சொன்னதும் அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அன்றிரவே சின்னச் சின்னக் கோப்புகளை 'தார்' என்ற கட்டளையால் மூட்டை கட்டினாள். மூட்டை ஒன்று என்றால் எண்ணிக்கையும் ஒன்றுதான். 'ஸ்டோர்' என்ற நீண்டகாலக் கிடங்கில் மூட்டைகளைப் போட்டு முடிக்க விடிந்துவிட்டது.

முக்கியமான முடிவுகளை மட்டும் ஒரு கையடக்க டிஸ்கில் தனியாக ஏற்றியிருக்கிறாள். டிசம்பரில் கொண்டு வருவாள். பீரோவில் நிலப் பத்திரங்களுக்குப் பக்கத்தில் இடம் ஒழித்து வைத்திருக்கிறேன்.