மேஜை மேல் உருளும் வெளிச்சப் பந்து

ஹாலந்தில் ஹேக் நகரத்துக்கும் ராட்டர்டாமுக்கும் நடுவே இருக்கிறது டெல்ஃப்ட். தெருவுக்குத் தெரு வாய்க்கால், அதன் மேல் குட்டிக் குட்டிப் பாலம், பாலத்துக் கம்பி பூராவும் சைக்கிள்! நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டுகளுக்குப் பேர்போன ஊர். விலையைக் கேட்டால் நீட்டிய கை தானாகத் திரும்பிவிடும்.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1842-ல் ஆரம்பித்தது. ஹெஸ்டர் லெ ரிஷ் என்ற பெண்மணி இங்கே ஆராய்ச்சி செய்தபோது உருவாக்கியதுதான் 'டோவர்டாஃபல்'. மாய மேஜை என்று அர்த்தமாம். 2017-ல் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.

மறதி நோய் முற்றினால் பெயர், முகம் மறப்பதோடு போவதில்லை. எதிலும் மனசு ஒட்டாமல், வைத்த இடத்திலேயே பொம்மை மாதிரி உட்கார்ந்துவிடுகிறார்கள். அசையாத உடம்பு இன்னும் தளர்கிறது. அவர்களை அசைய வைக்கத்தான் இந்த விளையாட்டு.

என் நாத்தனார் உதவிக்குப் போகும் முதியோர் இல்லத்தில் பார்த்தேன். உத்தரத்தில் ஒரு பெட்டி. அது சாதாரணச் சாப்பாட்டு மேஜை மேல் வெளிச்சத்தால் படம் போடுகிறது. கை அசைவதைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால் கண்டுகொள்கிறது. உதிர்ந்த இலைகளைக் கையால் தள்ளினால் சரசரவென்று விலகுகின்றன. தொட்டால் பூ மலர்கிறது.

"பாயிண்ட் எப்படிப் போடுவாங்க?" என்று கேட்டேன்.

"இதுல ஜெயிக்கிறதும் இல்ல, தோக்கிறதும் இல்ல அண்ணி" என்றாள். விதி சொன்னால் அடுத்த நிமிஷம் மறந்துபோகும். தோற்றுவிட்டோம் என்ற வருத்தம் மட்டும் தங்கிவிடும். அதனால் எப்படித் தொட்டாலும் ஏதாவது நடக்கிற மாதிரியே அமைத்திருக்கிறார்கள். விரலால் தொட்டாலும் சரி, முழங்கை பட்டாலும் சரி. இலை, பூ, பந்து என்று சின்ன வயசிலிருந்தே பழகின சாமான்களாக வைத்ததும் கெட்டிக்காரத்தனம்தான். ஆராய்ச்சி நாளிலேயே இப்படிப்பட்டவர்களை விளையாட வைத்துப் பார்த்துத்தான் செய்தாராம். கம்ப்யூட்டர் என்றாலே பிள்ளைகளைக் கெடுப்பது என்று நினைத்திருந்த எனக்கு இது புதிசு.

பந்து ஆட்டத்தில் நாலு பேர். வெளிச்சப் பந்து ஒரு பாட்டியிடம் உருண்டு போயிற்று, அவர் பார்க்கவேயில்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. எதிரே இருந்த தாத்தா விடாமல் அவர் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். நாலாவது தடவை பாட்டியின் கை மெள்ள எழுந்து பந்தைத் தட்டியது. தாத்தா டச்சில் ஏதோ சொல்ல, பாட்டி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.