முதல் மேட்ச் பார்த்தியா நீ?

ஃபுட்பால் பைத்தியங்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால், கப் ஜெயிச்ச கதையைவிட சீக்கிரமா வந்து விழுகிற கேள்வி ஒண்ணு உண்டு. ‘‘அவனோட முதல் மேட்ச் பார்த்தியா நீ?’’ பார்த்தவன் காலரைத் தூக்கி விட்டுக்குவான். பார்க்காதவன் அப்புறம் வாயே திறக்க மாட்டான். நான் மான்செஸ்டர் யுனைடெட் கட்சி. ஸோ, இங்கே கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும். பொறுத்துக்குங்க.

வெய்ன் ரூனியில் இருந்து ஆரம்பிக்கலேன்னா எங்க ஆளுங்க அடிக்க வருவாங்க. 2004 செப்டம்பர் 28. உங்கள்ல பாதிப் பேர் அப்போ பொறந்திருக்கவே மாட்டீங்க. சாம்பியன்ஸ் லீக், எதிர்ல துருக்கியோட ஃபெனர்பாச்சே. நம்ம ஊர் கடிகாரத்தில் நள்ளிரவு 12.15. ஹாஸ்டல் டி.வி.யில் சத்தத்தைச் சுத்தமா குறைச்சு வெச்சுட்டு உட்கார்ந்திருந்தோம். யூரோ 2004 கால் இறுதியில் பாதத்துல எலும்பு முறிஞ்சு மூணு மாசம் ஆடாத பையன், எவர்ட்டன்ல இருந்து கொட்டிக் கொடுத்து வாங்கின 18 வயசுப் பையன், அன்னைக்கு மூணு கோல் அடிச்சான். மூணாவது ஃப்ரீ கிக். மைதானத்துல ரயன் கிக்ஸ் மாதிரி சீனியர் இருக்கும்போது புதுசா வந்தவன் பந்தை எடுத்து வெச்சு அடிக்கிறதுன்னா... கல்ச்சுரல்ஸ்ல ஃபைனல் இயர் அண்ணன் கையில இருந்து ஃபர்ஸ்ட் இயர் பையன் மைக்கை வாங்கிப் பாடற மாதிரி. 6-2ன்னு ஜெயிச்சோம். (அதே வருஷம் டிசம்பர்ல இஸ்தான்புல்ல 3-0ன்னு தோத்தோம், துன்ஜாய் ஷான்லி மூணையும் அடிச்சார். அதைப் பத்தி எங்க கூட்டத்துல யாரும் பேசறதில்லை!)

ஆனா ரூனியை ஞாபகம் வெச்சுக்கறது ஈஸி பாஸ். அந்த ஆள் 253 கோல் அடிச்சு, கிளப்போட ரெக்கார்டை உடைச்சுட்டுத்தான் 2017-ல கிளம்பினார். எனக்குத் தூக்கம் கெடுக்கிறது இன்னொரு பேரு. ஃபெடரிக்கோ மக்கேடா.

‘யாரு?’ன்னு கேட்கறீங்க, தெரியும். 2009 ஏப்ரல் 5, ஞாயித்துக்கிழமை. படிப்பு முடிஞ்சு வேலையில சேர்ந்துட்டேன். ரூம் மேட் லிவர்பூல் வெறியன். லீக்கில் அவங்க 18 தடவை சாம்பியன், நாங்க 17. அந்த சீஸனை நாங்க ஜெயிச்சா சமம். நாங்க வரிசையா ரெண்டு மேட்ச் தோத்திருந்தோம், அதுல ஒண்ணு லிவர்பூல்கிட்டயே 4-1! முந்தின நாள் லிவர்பூல் கடைசி நிமிஷ கோல்ல ஜெயிச்சு முதலிடத்துக்குப் போயிட்டாங்க. எங்களுக்கு ஆஸ்டன் வில்லாவோட மேட்ச். ரூனி, ஸ்கோல்ஸ், விடிச் மூணு பேருக்கும் தடை. 2-1ன்னு பின்னாடி இருக்கோம். ரூம் மேட் மேகி கிண்டிக்கிட்டே பாட்டு பாடறான்.

அப்போதான் 17 வயசுல ஒரு இத்தாலிப் பையன் உள்ளே வந்தான். ரிசர்வ் டீம்ல ஆடிக்கிட்டு இருந்தவன். டி.வி.யில பேரைப் பார்த்து எனக்கே வாசிக்கத் தெரியலை. 80-வது நிமிஷம் ரொனால்டோ சமன் பண்ணினார். 90 நிமிஷம் முடிஞ்சாச்சு. கிக்ஸ் தட்டி விட்ட பந்து, கோலுக்கு முதுகைக் காட்டி நின்ன அந்தப் பையன் காலுக்கு வந்தது. குதிகால்ல ஒரு தட்டு, ஒரு திரும்பல், வலது காலால ஒரு வளைவு. 3-2. மேகி தீய்ஞ்சு போச்சு. யாரும் அடுப்பை அணைக்கலை.

ஒரு வாரம் கழிச்சு சண்டர்லேண்டோட 1-1. பையன் இறங்கி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கேரிக் அடிச்ச பந்து இவன் மேல பட்டு உள்ளே போயிடுச்சு. 2-1.

கதை இங்கேதான் ஆரம்பிக்குது. சீஸன் முடிவுல யுனைடெட் 90 பாயின்ட், லிவர்பூல் 86. ரூம் மேட் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தான். மக்கேடாவோட ரெண்டு கோல் இல்லேன்னா அந்த ரெண்டு மேட்ச்சும் டிரா, எங்களுக்கு நாலு பாயின்ட் போச்சு. 86-க்கு 86. கோல் வித்தியாசத்துல லிவர்பூல் 50, நாங்க 42. கப் அவங்களுக்கு! ‘‘ஒரு சின்னப் பையன்டா... பேரே தெரியாத பையன்’’னு சொல்லிட்டுப் பேப்பரைக் கசக்கிப் போட்டான். ராத்திரி சாப்பிடலை.

அந்தச் சின்னப் பையன் யுனைடெட்டுக்காக மொத்தம் அடிச்சது அஞ்சே கோல். கடனாளி மாதிரி ஊர் ஊரா அனுப்பினாங்க. 2014-ல கிளம்பிட்டான். அப்புறம் இங்கிலாந்துல வேற கிளப்புகள், இத்தாலி, கிரீஸ்னு சுத்தினான். ‘ஒரே நாள் ஹீரோ’ன்னு சிலர் நக்கல் அடிக்கறாங்க. எனக்குக் கோபமா வரும். நம்ம லைஃப்ல ஒரு சாம்பியன் பட்டத்தைத் திருப்பிப் போட்ட ஒரு நாள் இருக்கா, சொல்லுங்க?

உல்டாவும் உண்டு. பாட்ரிஸ் எவ்ரா 2006 ஜனவரி 14-ல முதல் மேட்ச் ஆடினார். மான்செஸ்டர் சிட்டியோட. முதல் பாதி ஆடினதைப் பார்த்துட்டு, இடைவேளையிலேயே வெளியே எடுத்துட்டாங்க. 3-1ன்னு தோல்வி. ‘இவரையா வாங்கினீங்க?’ன்னு தலையில அடிச்சுக்கிட்டவங்க முன்னாடியேதான், அதே ஆள் அஞ்சு லீக் பட்டமும் 2008 சாம்பியன்ஸ் லீக்கும் ஜெயிச்சார்.

2016 பிப்ரவரி 25-ல மார்ஷியல் வார்ம் அப்பில் காயம் பட்டதால, அவர் இடத்துல 18 வயசு ராஷ்ஃபோர்டு திடீர்னு இறங்கி ரெண்டு கோல் அடிச்சப்போ, நான் முதல்ல போன் போட்டது லிவர்பூல் நண்பனுக்குத்தான். அவன் ஹலோகூட சொல்லலை.

‘‘இவனும் மக்கேடாவா, இல்லே ரூனியா?’’

‘‘தெரியலைடா.’’

‘‘தெரியாத வரைக்கும் நல்லாப் பார்த்துக்கோ’’ன்னு வெச்சுட்டான்.