கைமாறும் அட்டை

கலிபோர்னியாவின் கான்கார்ட் நகரிலுள்ள டி லா சால் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி, 1992 முதல் 2003 வரை தொடர்ந்து 151 ஆட்டங்களில் வென்றது. 1979இல் பாப் லடூசர் பயிற்சியாளராகும் முன், எந்தப் பருவத்திலும் அவ்வணியின் வெற்றிகள் தோல்விகளை விஞ்சியதில்லை.

அவர் வளர்த்த அணிப் பண்பாட்டின் மையம் ஒரு சிறிய அட்டை. ஒவ்வொரு மாணவனும் தான் எட்டவேண்டிய இலக்குகளை அதில் எழுதி, அணியினர் முன் வாசித்து, சக வீரன் ஒருவனிடம் ஒப்படைப்பான். நிறைவேற்றினாயா என்று கேட்கும் பொறுப்பு பெற்றவனுடையது. வாக்குறுதி வெறும் கூற்றன்று, செயல் என்றார் மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின். அச்செயலைப் பதினேழு வயதினர் இங்கே பழகினர். தலைமை ஒருவனிடம் குவியாமல் கைமாறியது.

2004இல் பெல்வியூ அணியிடம் தோற்றபோது வெற்றித்தொடர் அறுந்தது. வெற்றிக்கணக்கு அத்துடன் முடிந்தது. தோழனுக்குக் கொடுத்த வாக்குக்கு அத்தகைய முடிவு இல்லை.